மூடியில் வெட்டிய பாஸ்வேர்டு

பட்டாபிராம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டரை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டதுதான். அந்த லட்சணத்தை நம்பி, எங்கள் தெருமுனை மாதா கோவிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் நடக்கிற அறையில், சனிக்கிழமை சாயங்காலம் பெண்களுக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்கும் வேலையை என் தலையில் கட்டினார்கள். யாரோ கொடுத்துவிட்ட ஐந்து பழைய கம்ப்யூட்டர்கள், பதினொரு மாணவிகள். மாணவிகள் என்கிறேனே தவிர, எல்லோரும் என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர்கள். நான் அவர்களை அக்கா என்பேன். அவர்கள் என்னை டீச்சர் என்பார்கள். யாருக்கு யார் மரியாதை என்பது கடைசிவரை தீரவில்லை.

முதல் நாள் மவுஸைக் கையில் கொடுத்ததும் ஒரு அக்கா அதை மேசை ஓரம்வரை தள்ளிக்கொண்டே போனார். திரையில் அம்புக்குறியைக் காணவில்லை.

"டீச்சர், அம்பு பூட்ச்சி."

பக்கத்து மெஷினில் இருந்தவர் தன் திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "இங்க வர்ல யக்கா, அந்தாண்ட கேட்டுப் பாரு" என்றார். கோழி காணாமல் போனால் தேடுகிற அதே அக்கறையோடு அந்த அம்பை ஐந்து மெஷினிலும் தேடினோம்.

இணையத்தில் ஜாக்கிரதையாக இருப்பது பற்றி நான் பேச ஆரம்பித்ததற்கு ஒரு வாழைக்காய் பஜ்ஜிதான் காரணம். ஸ்டேஷன் வாசலில் வாங்கித் தின்று முடித்துப் பார்த்தால், காகிதத்தில் முன்பின் தெரியாத ஒரு அம்மா எண்ணெயில் ஊறியபடி என்னைப் பார்க்கிறார். யாருடையதோ ஆதார் அட்டை நகல். பிறந்த தேதி, கதவு எண் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. எங்கிருந்து இந்தப் பேப்பர் வாங்குகிறீர்கள் என்று பஜ்ஜிக்காரர்மேல் பாய்ந்தேன்.

அவர் கரண்டியை எண்ணெயிலிருந்து எடுக்கவேயில்லை. "இன்னாம்மா, தெரியாத மாரி கேக்குற? உன் கட வேஸ்ட்டுதான். பழைய பேப்பர்காரன் எட்த்தாந்து குடுக்கறான்."

அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாக அடுத்த சனிக்கிழமை பஜ்ஜிக் கதையைச் சொல்லி, இரண்டு கட்டளைகள் போட்டேன். பாஸ்வேர்டை எந்தக் காகிதத்திலும் எழுதாதீர்கள். நம்பர் உள்ள காகிதம் எதுவானாலும் வேலை முடிந்ததும் சுக்குநூறாகக் கிழித்துவிடுங்கள். கூடவே, பாஸ்வேர்டை அம்மா கேட்டாலும் சொல்லாதீர்கள், டீச்சர் கேட்டாலும் சொல்லாதீர்கள், வங்கியில் இருந்து பேசுகிறேன் என்று தேன் ஒழுகப் பேசுகிறவன் கேட்டால் போனை வைத்துவிடுங்கள் என்று அரை மணி நேரம் பொழிந்தேன்.

"உல வாய மூடலாம், ஊர் வாய மூட முடியாது. அதான டீச்சர்?" என்று மூன்றாவது பெஞ்சு அக்கா என் அரை மணி நேரத்தை ஒரு வரியில் முடித்தார். வகுப்பில் விழும் சொலவடைகளை பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் குறித்துவைப்பது என் வழக்கம். அதையும் குறித்தேன். அது அவர் தலையிலேயே வந்து விடியும் என்று அப்போது தெரியாது.

அந்த அக்காவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடுக்கும் வேலை. பதினான்கு வருடமாக அதே வரிசை, அதே ஸ்டூல். லைன் லீடர் ஆக வேண்டுமானால் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் கேட்டார்கள். அவர் ஒன்பதோடு நின்றவர். "நான் வேல கத்துக் குட்த்த பொண்ணுங்கல்லாம் எனக்கே லீடராவுது டீச்சர். சிரிச்சினே சலாம் போட்டுனுகீறேன்." அதனால் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதுவதென்று முடிவெடுத்து, என் கடையில் உட்கார்ந்து அவரே விண்ணப்பித்தார். ஒவ்வோர் எழுத்தையும் ஒரு விரலால், பொட்டு வைப்பதுபோல அழுத்தினார். விண்ணப்ப எண் அவருடைய மெயிலுக்கு வந்தது. அதை ஒரு தாளில் அச்சடித்தும் கொடுத்தேன். பொங்கலுக்குப் பிறகு பாடப் புத்தகத்தோடு உட்கார்ந்தவர் மெயில் பக்கமே போகவில்லை.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை வகுப்பு. வரும் வியாழக்கிழமை அக்காவுக்குத் தேர்வு. ஹால் டிக்கெட் எடுக்க அந்த விண்ணப்ப எண் வேண்டும்.

"அச்சடிச்சுக் கொடுத்த தாள் எங்கே அக்கா?"

"நீங்கதான கிழிக்கச் சொன்னீங்க."

சரி, மெயிலைத் திறப்போம் என்றேன். பாஸ்வேர்டு நினைவில்லை என்றார். புதிதாக மாற்றலாம் என்றால், அதற்கான ஓ.டி.பி. எண் அவருடைய பழைய சிம்முக்குப் போகிறது. அந்தப் போன் தண்ணீர் டிரம்முக்குள் விழுந்து, சிம்மும் போய், இப்போது வேறு நம்பர்.

"எங்கேயாவது எழுதி வெச்சீங்களா?"

முந்தானையை விரலில் சுற்றினார். "காயிதத்துல எழுதல."

"அப்புறம்?"

"டிபன் டப்பா மூடியில வெட்டி வெச்சேன்."

எங்கள் பக்கம் புதுப் பாத்திரம் வாங்கினால், கடையிலேயே மெஷினை வைத்து டர்ரென்று பெயர் வெட்டித் தருவார்கள். கல்யாண வீட்டில் மாறிப்போனாலும் பாத்திரம் வீடு திரும்பிவிடும். அந்த அக்கா பெயருக்குப் பதில் பாஸ்வேர்டை வெட்டச் சொல்லியிருக்கிறார். காகிதம் நனையும், சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள், எவர்சில்வர் அப்படியே இருக்கும் என்று கணக்கு. என் கட்டளையில் எவர்சில்வர் இல்லை, என்மேல்தான் தப்பு.

"டப்பா எங்கே?"

"பக்கத்து ஊட்ல. பொங்கலுக்கு சக்கரப் பொங்கல் வெச்சிக் குட்த்தேன்."

"போய் வாங்கிட்டு வாங்க!"

மற்ற பத்து மாணவிகளும் மாடு முட்டியவர்களைப்போல என்னைப் பார்த்தார்கள். குடுத்த பாத்திரத்தைக் கேட்டு வாங்குவதா? அதைவிட அவர்கள் வீட்டு வாசலில் நின்று திட்டலாம். வந்த பாத்திரம் வெறுமையாகத் திரும்பக் கூடாது. பதிலுக்கு ஏதாவது செய்து வைத்துத்தான் தருவார்கள். பக்கத்து வீட்டம்மா வேதக்காரர். தவக்காலம் நடக்கிறது, ஈஸ்டர்வரை அந்த வீட்டில் பலகாரமே கிடையாது. கேக்கோடு டப்பா வரும்போது தேர்வு முடிந்திருக்கும்.

"பதினாலு வருசம் ஸ்டூல்ல குந்தினேன், இன்னும் குந்துனா இன்னா" என்றார் அக்கா. சிரித்தபடிதான் சொன்னார். லீடர்களுக்குச் சலாம் போடும் அதே சிரிப்பு. வகுப்பைப் பாதியில் விட்டு அவரை இழுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பக்கத்து வீட்டம்மா கதவைத் திறந்ததும் நான் சுற்றி வளைத்தேன்: "மூடியை மட்டும் ஒரு தடவை பார்த்துட்டுக் கொடுத்துடறோம்."

"ஒரு மூடிக்காடி டீச்சரம்மாவ கூட்டினு வந்த? நான் இன்னா தின்னுட்டா பூட்டேன் உன் டப்பாவ?" என்று அக்காவிடம் எகிறினார். அக்கா வாசற்படியைப் பார்த்துக்கொண்டே பரீட்சை விஷயத்தைச் சொன்னார். அந்தம்மா அடங்கிவிட்டார். "இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா, நாக்குல சுளுக்கா?"

மூடி உள்ளே உளுந்து டின்னின் மேல் இருந்தது. "இந்த நம்பரு இன்னான்னு எங்க ஊட்ல எல்லாரும் பாத்துட்டோம். கம்பெனி நம்பருன்னு நெனச்சினோம்" என்றார். இரண்டு மாதமாக ஒரு குடும்பமே உளுந்து எடுக்கும்போதெல்லாம் அந்தப் பாஸ்வேர்டைப் படித்திருக்கிறது. அது என்னவென்று இங்கே எழுத மாட்டேன். செத்துப்போன பாஸ்வேர்டுதான், இருந்தாலும் பழக்கம்.

வெறும் டப்பாவைத் தர அவர் ஒப்பவில்லை. இரவுக் கஞ்சிக்கு வேகவைத்திருந்த பயறைத் தாளித்து நிரப்பும்வரை எங்களை விடவில்லை. டப்பா சூடாக அக்காவின் இடுப்பில் ஏற, கடைக்கு ஓடினோம்.

மெயில் திறந்தது. எண் கிடைத்தது. உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்றேன். அவர் விசைப்பலகைமேல் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"என்ன அக்கா?"

"அந்தாண்ட திரும்புங்க டீச்சர்."

என் கடையில், என் நாற்காலிக்குப் பக்கத்தில், தண்டனை வாங்கிய பிள்ளைபோலச் சுவரைப் பார்த்து நின்றேன். பின்னால் ஒரு விரல் டொக், டொக்கென்று வெகுநேரம் தட்டியது.

ஹால் டிக்கெட்டின் முதல் பிரதி, அக்காவின் போட்டோமேல் மை இழுகி வந்தது. இரண்டாவது நன்றாக வந்தது. அதை அக்கா நெஞ்சோடு வைத்துக்கொண்டார். நான் முதல் பிரதியைக் குப்பைக் கூடையில் போட்டேன். அவர் குனிந்து அதை எடுத்து, பொறுமையாக நாலாக, எட்டாக, பதினாறாகக் கிழித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டார்.

"தப்பா நெனச்சிக்காதீங்க. பஜ்ஜிக் கடைக்குப் பூட்டுதுன்னா, பரீட்சை எழுதறதுக்குள்ள ஊர் பூரா என் மூஞ்சியத் தின்னுனு இருக்கும்."

டப்பாவைத் திறந்து எனக்கும் ஒரு கை பயறு கொடுத்துவிட்டு, வியாழக்கிழமைக்குப் படிக்கப் போனார்.