ஜன்னலை மூடாத டெய்லர் அக்கா

ஏரிக்கரையில் குடியிருந்தும் ஏரியை நிமிர்ந்து பார்க்காதவர் எங்கள் டெய்லர் அக்கா. அந்த ஏரியைப் பார்ப்பதற்காக வருஷா வருஷம் வரி கட்டுகிறவரும் அவர்தான். இந்த அநியாயத்தை எழுதிவைக்காமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது.

எங்கள் தெரு, ஏரியைச் சுற்றிப் போகும் பெரிய ரோட்டுக்குப் பின்னால் மேட்டில் இருக்கிறது. தண்ணீர் வாரியத் தொழிலாளர்களுக்கென்று ஒரு காலத்தில் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகள். பக்கத்து வீட்டுக்காரர் இருமினால் நம் சுவர் அதிரும். முன்பக்கம் திறந்தால் எதிரே ஒரு கிடங்கின் முதுகு, வெயில் எட்டிப்பார்க்காது. வெளிச்சம் வர ஒரே வழி பின்சுவரில் இருக்கும் ஜன்னல். அது திறப்பது சரிவைப் பார்த்து. சரிவு முடியும் இடத்தில் ஏரி. கட்டியவன் அழகுக்காக அந்த ஜன்னலை வைக்கவில்லை. புகை வெளியே போகட்டும் என்று வைத்தான்.

அக்காவின் அப்பா குழாய் ஃபிட்டர். சம்பளத்தில் பிடித்துப் பிடித்தே அந்த வீட்டுக்கு விலை கொடுத்து முடித்தார். அக்கா கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே கார்மெண்ட் கம்பெனியில் காலர் தைத்தவர். பாத்ரூமுக்குப் போக டோக்கன் வாங்கவேண்டும் என்று கம்பெனி சட்டம் போட்டபோது, டோக்கனை வாங்கி சூப்பர்வைசர் மேஜையில் வைத்து, "இந்தாங்க, எனக்குப் பதிலா நீங்க போயிட்டு வாங்க" என்றவர். அதோடு வேலை போயிற்று. கையில் கிடைத்ததை வைத்து ஒரு பழைய மிஷின் வாங்கி, பின்ஜன்னல் ஓரம் போட்டார். ஸ்கூல் யூனிஃபார்ம், ஹோட்டல் சிப்பந்திகளின் பேண்ட், ஆஸ்பத்திரி கோட்டு என்று தெருவுக்கே தைத்தார். கருநீலத் துணியில் கருநீல நூல் ஓட்டிப் பாருங்கள், தெரியும். டியூப்லைட்டில் தையல் எங்கே போகிறது என்று கண்ணுக்குச் சிக்காது. இடது தோள் பக்கமாகப் பகல் வெளிச்சம் விழவேண்டும். அக்காவுக்கு அந்த ஜன்னல்தான் பிழைப்பு.

அக்காவின் வீட்டுக்காரர் ஏரிக்கரை ஹோட்டலில் இரவு வாட்ச்மேன். ராத்திரி முழுக்க அடுத்தவன் காருக்குக் காவல் இருந்துவிட்டு வந்து, பகலில் அதே அறையில் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்குவார். மிஷின் சத்தம் அவருக்குப் பழகிவிட்டது. வெளிச்சம்தான் கடைசிவரை பழகவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் பணக்காரர்கள் எங்கள் ஏரியைக் கண்டுபிடித்தார்கள். அது ரொம்ப நாளாக அங்கேதான் கிடந்தது என்பது வேறு விஷயம். ரோட்டோரம் மாடி மாடியாக எழும்பியது. மாவட்ட வரி அலுவலகத்துக்கு நாக்கில் எச்சில் ஊறியது. வீடுகளைத் திரும்ப மதிப்புப் போடப்போகிறோம் என்றார்கள். வீட்டுக்குள் நின்று பார்த்தால் ஏரி தெரியுமா? தெரிந்தால் அது 'ஏரிப் பார்வை' வீடு, வரி மூன்று மடங்கு. குழாயில் தண்ணீர் வருகிறதா, கூரை ஒழுகுகிறதா என்று ஒருவனும் கேட்கவில்லை.

டிரைவர் அண்ணன் வீட்டில் தெரு கூடியது. அவர் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர், எங்கள் தெருச் சங்கத்துக்குத் தலைவர். போராடலாம், மனு கொடுக்கலாம், ஆபீஸ் வாசலில் உட்காரலாம் என்று பேச்சு போய்க்கொண்டிருந்தது. அப்போது உள்ளே வந்தான் மருமகன். அது பட்டப்பெயர். வீடு, மனை வாங்கி விற்கிற புரோக்கர் அவன். ஆம்பளையைப் பார்த்தால் மாமா, பொம்பளையைப் பார்த்தால் அத்தை. ஊருக்கே மருமகன், ஒரு வீட்டிலும் பெண் எடுக்காதவன்.

"மாமா, எதுக்கு வாசல்ல போய் வெயில்ல காயறீங்க? ஏரி தெரிஞ்சாத்தானே வரி? தெரியாமப் பண்ணிட்டாப் போச்சு."

"ஏரியையா மூடச் சொல்ற?"

"ஜன்னலை மூடுங்க மாமா. நாலு வரிசை செங்கல், ஒரு பூச்சு. செங்கலை நானே அடக்க விலைக்கு இறக்கித் தர்றேன். உங்களுக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறேன்?"

சிரித்தார்கள். பிறகு யோசித்தார்கள். பிறகு கை தட்டினார்கள். அரசாங்கத்தை ஏமாற்றப்போகிறோம் என்ற சந்தோஷம் இருக்கிறதே, அது மனிதனை எந்தக் குழியிலும் இறக்கிவிடும். எழுந்து நின்றது அக்கா ஒருத்திதான்.

"ஜன்னலை மூடிட்டு நான் எங்கண்ணா தைக்கிறது? பஸ் ஸ்டாண்ட்லயா?"

"லைட்டைப் போட்டுக்க தங்கச்சி."

"நீங்க கண்ணைக் கட்டிக்கிட்டு பஸ் ஓட்டியிருக்கீங்களா?"

"அதுக்கில்லம்மா. வரிசை வீடு. உன் ஒரு ஜன்னல் திறந்திருந்தா, இவங்க வீட்லயும் இருந்திருக்கும்னு ஆபீசருக்குத் தோணாதா? உன்னால எல்லாரும் மாட்டணுமா?"

"எல்லாரும் சேர்ந்து கட்ட முடியாதுன்னு சொல்லுவோம்ணா. நான் முதல் ஆளா நிக்கிறேன். செவுத்துக்குப் பின்னால ஒளிஞ்சுக்கச் சொல்லாதீங்க."

யாரும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தால் அங்கேயும் ஒரு கட்சி.

"மூடிடேன்" என்றார் வாட்ச்மேன், துண்டுக்கு அடியிலிருந்து. "நானாவது நிம்மதியாத் தூங்குவேன்."

"தூங்குங்க. ரெண்டு பேரும் சேர்ந்து தூங்குவோம். சாயங்காலம் எழுந்து பட்டினி கிடப்போம்."

துண்டு புரண்டு படுத்தது.

அந்த வாரமே கொத்தனார் தெருவுக்குள் இறங்கினார். வீடு வீடாகப் பின்சுவர் அடைபட்டது. உள்பக்கம் பூசி, பூச்சு தெரியாமல் பீரோவை நகர்த்தி வைத்தார்கள். அக்கா வீட்டு வாசலில் செங்கல் வண்டி நிற்காமல் போனது.

மதிப்புப் போட வந்த ஆபீசர் எல்லா வீட்டிலும் ஏறி இறங்கினார். ஈரம் காயாத சிமெண்ட் வாடை மூக்கைத் துளைத்தது. அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 'என் வீட்டிலிருந்து ஏரி தெரியாது' என்று ஒவ்வொருவரிடமும் எழுதி வாங்கிக்கொண்டு நகர்ந்தார். அந்த மனுஷன் ஏன் இவ்வளவு நல்லவனாக இருக்கிறான் என்று அப்போதே எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும்.

அக்கா வீட்டில் ஜன்னலைப் பார்த்ததும் நின்றார்.

"அருமையான காட்சிம்மா."

"அப்படியா சார்? இங்க வாங்க. இந்த ஸ்டூல்ல உக்காருங்க. நான் உக்கார்ற இடம்."

உட்கார்ந்தார்.

"காலைப் பெடல்ல வைங்க. இந்தத் துணியைப் பிடிங்க. இப்ப ஊசியைப் பாருங்க. கண்ணை எடுத்தா விரல் போயிடும். ஏரி தெரியுதா?"

"இல்ல."

"அவ்வளவுதான் சார் நான் பாக்கிற ஏரி. எனக்கு வர்றது வெளிச்சம். வெளிச்சத்துக்கு வரி உண்டுன்னா சொல்லுங்க, கட்டுறேன்."

ஆபீசர் எழுந்து பேண்ட்டில் ஒட்டிய நூலைத் தட்டிவிட்டார். "நீங்க பாக்குறீங்களாங்கிறது கேள்வியே இல்லம்மா. பாக்க முடியுமாங்கிறதுதான். தலையைத் திருப்பினா தெரியுது. ஏரிப் பார்வை."

கழுத்து இருக்கிறவர்களுக்கெல்லாம் வரி என்று சட்டத்தைச் சுருக்கமாகவே எழுதியிருக்கலாம்.

மூன்று மடங்கு வந்தது, அக்காவுக்கு மட்டும். தெரு பார்த்துச் சிரித்தது. 'ஏரி ராணி' என்று பெயர் வைத்தார்கள். "ராணி வீட்ல தைக்கக் கொடுத்தா நமக்கெல்லாம் கட்டுப்படியாகுமா?" என்று துணியை வேறு கடைக்குக் கொண்டுபோனார்கள். கூட நிற்கத் துப்பில்லாதவர்களுக்குக் கேலி செய்ய மட்டும் எங்கிருந்தோ தெம்பு வந்துவிடுகிறது. அக்கா ஹோட்டல் துணிகளை வாங்கி வந்து கிழிசல் தைத்தார். வாட்ச்மேன் பகலிலும் ஒரு கார் நிறுத்தத்தில் நின்று, நின்றபடியே தூங்கக் கற்றுக்கொண்டார்.

மழைக்காலம் வந்ததும் சிரிப்பு நின்றது. காற்று போக வழியில்லாத வீடுகள். பீரோவுக்குப் பின்னால் பூஞ்சை பிடித்தது. நடுப்பகலில் லைட். டிரைவர் அண்ணன் சம்சாரத்துக்கு மூச்சிரைப்பு. டாக்டர், காற்று வேண்டும் என்றார். அண்ணன் கடப்பாரையைக் கையில் எடுத்துவிட்டு, எதற்கும் ஒரு வார்த்தை கேட்போம் என்று வரி ஆபீசுக்குப் போனார்.

அங்கே அதே நல்ல மனுஷன். "தாராளமா உடைங்க. ஆனா ஏரி தெரியாதுன்னு நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க? அது பொய்னு ஆகும். முன்தேதியிலிருந்து வரி, அதுக்கு மேல அபராதம். பரவாயில்லையா?"

விற்றுவிட்டுப் போகலாம் என்றால், அரசாங்கக் கணக்கில் அது காட்சி இல்லாத, காற்றில்லாத, கிடங்குக்கு எதிரே இருக்கும் இருட்டு வீடு. யார் விலை கொடுப்பான்? திறக்கவும் முடியாது, விற்கவும் முடியாது. தங்கள் கையாலேயே கட்டிய சுவருக்குள் மாட்டிக்கொண்டார்கள்.

அப்போது திரும்ப வந்தான் மருமகன்.

"மாமா, நான் இருக்கேன்ல? இந்த விலைக்கு வேற யாரும் சீந்த மாட்டாங்க. நம்ம அத்தைக்கு உடம்பு முக்கியமா, வீடு முக்கியமா?"

டிரைவர் அண்ணன் விற்றார். அவரைப் பார்த்து அடுத்த வீடு, அதைப் பார்த்து அதற்கடுத்தது. மாட்டுக் கொட்டகை விலை. எங்கள் வீடும் அதில் ஒன்று. சாவி கை மாறிய மறுநாள் காலையில் மருமகனின் ஆட்கள் வந்து அந்தச் செங்கலைப் பொலபொலவென்று உதிர்த்தார்கள். அவன் அடக்க விலைக்குக் கொடுத்த அதே செங்கல். ஜன்னல் இருந்த இடத்தில் சுவர் அளவுக்குக் கண்ணாடி. வீட்டு முன்னால் போர்டு: 'ஏரிப் பார்வை இல்லங்கள்.' வாங்க வந்தவர்களுக்கு மூன்று மடங்கு வரி ஒரு பொருட்டில்லை. ஆபீசர் வந்து புன்னகையோடு வகையை மாற்றிவிட்டுப் போனார். எந்த அபராதமும் இல்லை. புதிய சொந்தக்காரர் பொய் எழுதிக் கொடுக்கவில்லையே!

இதற்குப் பெயர் திருட்டு. வேறு சொல் தேடி நான் நேரத்தை வீணாக்கப் போவதில்லை.

வீட்டைக் காலி செய்த அன்று டிரைவர் அண்ணன் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"சொன்னியே தங்கச்சி."

"சொன்னேன். அப்ப கேக்காம இப்ப வந்து நிக்கிறீங்க. எனக்கு என்ன செய்யத் தெரியும், அழவா?"

"திட்டு. ரெண்டு திட்டு திட்டு. மனசு ஆறும்."

"உங்க மனசு ஆறுறதுக்கு நான் ஏண்ணா திட்டணும்? அண்ணிக்கு மூச்சு பரவாயில்லையா?"

"பரவாயில்ல. போற வீட்ல ஜன்னல் இருக்கு."

"அதைத் திறந்தே வைங்க."

அக்காவுக்கும் அடி ஓயவில்லை. பக்கத்து வீடுகள் கொள்ளை விலைக்குப் போனதால், இவர் வீட்டின் மதிப்பும் ஏறிவிட்டதாம். வரி மறுபடியும் ஏறியது. அதே கூரை, அதே மிஷின், அதே ஒழுகல். மேல்முறையீட்டுக்குப் போனார். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் கேட்டார்: "சொத்து மதிப்பு கூடியிருக்கு. சந்தோஷப்பட வேண்டியதுதானே?"

"நான் விக்கலையே சார். குடியிருக்கேன். குடியிருக்கிறவளுக்கு மதிப்பு கூடி என்ன சார் வருது, இந்த வரிச் சீட்டைத் தவிர?"

மனு தள்ளுபடி. வெளியே கேட்டருகே கார் மேல் சாய்ந்து மருமகன் காத்திருந்தான்.

"அத்தை, எதுக்கு இந்தக் கஷ்டம்? உங்களுக்கு நல்ல விலையே போட்டுத் தர்றேன். உங்க வீடு ஒண்ணுதான் வரிசையில பாக்கி. பாக்க அசிங்கமா இருக்கு."

"நல்லாப் பாரு மருமகனே. நான் இருக்கிறவரைக்கும் உனக்கு அது அசிங்கமாத்தான் இருக்கும்."

வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்தார். ஆனால் சீட்டு கையில் இருந்தது. தவணை தவறினால் வீட்டுக்குச் சீல் வைப்பார்கள். மிஷினை விற்று வரி கட்டுவதா, மிஷின் இல்லாமல் அந்த ஜன்னல் எதற்கு என்று இரண்டு நாள் ஊசி கோக்காமல் உட்கார்ந்திருந்தார்.

கதவைத் தட்டியது பக்கத்து வீட்டின் புதிய அம்மாள், டிரைவர் அண்ணன் வீட்டை வாங்கியவர்.

"நீங்க தைப்பீங்களாமே? கர்ட்டன் வேணும். தடிமனா, ரெண்டு லைனிங் கொடுத்து. சாயங்காலம் ஏரியில வெயில் பட்டு அப்படியே கண்ணைக் குத்துது. டிவியே பாக்க முடியல."

அக்கா அந்த அம்மாளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம். சிரிப்பதா, கத்தரிக்கோலை எடுப்பதா என்று தெரியவில்லை என்று என்னிடம் சொன்னார்.

"ஒரு பொட்டு வெளிச்சம் வரக்கூடாது, அப்படித்தானே?"

"ஆமா, கரெக்ட்."

"தைக்கலாம். விலை ஏரிப் பார்வை விலைதான்."

அந்த அம்மாளுக்குப் புரியவில்லை, கொடுத்தார். அவரைப் பார்த்து அடுத்த வீடு, அதைப் பார்த்து அதற்கடுத்தது. கனத்த துணி, மடிப்பு மடிப்பாக, இருட்டைக் கெஜக்கணக்கில் தைத்துக் கொடுத்தார். செங்கல் செய்த வேலையைத்தான் துணி செய்தது. செங்கல் வைத்தவன் வீட்டை இழந்தான். துணி தொங்கவிட்டவனை ஒருவனும் கேட்கவில்லை. அந்தக் காசில்தான் அக்கா வரி கட்டுகிறார். வாட்ச்மேன் பகல் வேலையை விட்டுவிட்டுக் கட்டிலுக்குத் திரும்பினார்.

ஏரியில் படகில் போய்த் திரும்பிப் பார்த்தால் எங்கள் வரிசை தெரியும். கண்ணாடி முழுக்கத் திரை. திறந்த ஜன்னல் ஒன்றே ஒன்று. அதில் குனிந்த ஒரு தலை. இதை வெற்றி என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். ஒரு தெருவே போனபிறகு ஒரு ஜன்னல் மிஞ்சியிருக்கிறது, அவ்வளவுதான்.

போன வாரம் போயிருந்தேன். அடுத்த வருஷத்துக்கான சீட்டு வந்திருந்தது. இன்னும் ஏற்றியிருக்கிறான்கள். அக்கா அதைப் படிக்காமல் மிஷின் டிராயரில் போட்டுவிட்டு, மடியில் மலைபோலக் கிடந்த திரைத்துணிக்கு மடிப்புக் கொடுத்துக்கொண்டிருந்தார். கட்டிலில் துண்டு அசைந்தது.

"ஊருக்கெல்லாம் திரை தைக்கிற. கட்டின புருஷனுக்கு ஒண்ணு தைக்கக் கூடாதா?"

"தாராளமாத் தைக்கிறேன்" என்றார் அக்கா, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "அந்தச் சீட்டை நீங்க கட்டிட்டு வாங்க."

துண்டு மறுபடி முகத்தை மூடிக்கொண்டது.