சீட்டுக்கு அடியில் ஒரு பெட்டி

ஆஸ்பத்திரியில் அவருக்கு ‘அசையாதீங்க சார்’ என்று பெயர். எக்ஸ்ரே அறையில் வேலை. “மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க” என்று நாள் முழுக்க அடுத்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்த அந்த மனிதரால், ஒரு நாற்காலியில் சேர்ந்தாற்போலக் கொஞ்ச நேரம் உட்கார முடியாது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய் ஒழுகும் குழாயை இறுக்கிவிட்டு வருவார். துணிக்கடையில் கணக்குப் பார்க்கும் அவர் மனைவி, “உங்க காலுக்கு அடியில யாரு அடுப்பு மூட்டி வெச்சிருக்காங்க?” என்று கேட்பாள். அவர் பதில் சொல்வதற்குள் இன்னொரு தடவை எழுந்திருப்பார்.

அவரிடம் ஒரு பெரிய கார் இருந்தது. கறுப்பு நிறம், தோல் சீட், கதவைச் சாத்தினால் ‘தப்’ என்று ஒரு பணக்காரச் சத்தம். வெளிநாட்டுக்குக் கிளம்பிய எலும்பு டாக்டர் ஒருவரிடம் பழையதாக வாங்கியது. அதில் எல்லாமே உசத்தி, ஸ்பீக்கரைத் தவிர. டாக்டர் செய்தி மட்டும் கேட்கிற ஆள். வண்டியோடு வந்த சாதா ஸ்பீக்கரையே கடைசிவரை வைத்திருந்தார். இது நம் ஆளுக்கு ரொம்ப நாள் தெரியாது.

தெரியாததால்தான் வம்பே வந்தது. ஒரே மகள் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, வேறு ஊரில் ஒரு இசைக்குழுவில், பாட்டுக்கு அடியில் கனமாக ஒலிக்கிற பேஸ் கிட்டார் வாசிக்கப் போயிருந்தாள். முதல் பாட்டைப் பதிவு செய்து அப்பாவுக்கு அனுப்பினாள். அவர் அதைக் காரில் போட்டுக் கேட்டார். திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு போன் செய்தார்.

“பாடுற பொண்ணு கேக்குது, டிரம் கேக்குது. நீ எங்கம்மா? தேடித் தேடிப் பாத்தேன், ஆளையே காணோம். இதுக்கா நல்ல வேலையை விட்டே?”

“சரிப்பா” என்று வைத்துவிட்டாள். அதன்பிறகு அம்மாவுக்கு மட்டும்தான் போன். அப்பா பக்கத்தில் இருக்கிறார் என்று தெரிந்தால், அவசர வேலை வந்துவிடும்.

பிறகு ஒருநாள் டீ நேரத்தில், பிசியோதெரபி பெண் ஒருத்தி காதை மூடுகிற பெரிய ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தாள். சும்மா விளையாட்டாக அதை வாங்கி, தன் போனில் செருகி, மகளின் பாட்டைப் போட்டார். பாட்டு ஆரம்பித்ததும் எழுந்து நின்றுவிட்டார். பாடுகிறவளுக்கும் டிரம்முக்கும் கீழே கனமாக ஒரு குரல் நடந்து போய்க்கொண்டிருந்தது. அது நடக்கிற பக்கம்தான் மற்றவர்கள் எல்லோரும் போனார்கள்.

“என்ன சார், ஒரு மாதிரி ஆயிட்டீங்க?”

“எம் பொண்ணும்மா” என்று மட்டும் சொன்னார். ஹெட்போனைக் கழற்றிக் கொடுக்க மறந்து அறைவரை போய்விட்டார்.

அன்றிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. போன் செய்து சொல்லியிருக்கலாம். போனை எடுப்பார், பெயர்வரை போவார், வைத்துவிடுவார். ‘ஸ்பீக்கர் சரியில்லம்மா’ என்று சொன்னால் சாக்குப்போக்கு மாதிரி இருக்குமே என்று பயம். அந்தச் சமயத்தில்தான் மனைவி சொன்னாள், “ஞாயித்துக்கிழமை வர்றா. மிச்சம் இருக்கிற சாமானையெல்லாம் எடுத்துட்டுப் போறாளாம். அங்கேயே ஒரு வீடு பாத்துட்டா.”

மிச்சம் எல்லாமா? அவர் கடைக்கு ஓடினார். சீட்டுக்கு அடியில் வைக்கிற, கனத்த சத்தத்துக்கென்றே உள்ள தட்டையான சப்வூஃபர் ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி வந்தார். கடைக்காரர் மாட்டித் தருகிறேன் என்றதற்கு, “நானே பாத்துக்கறேன்” என்றுவிட்டார். தினமும் ஒரு மெஷினோடு மல்லுக்கட்டுகிறவருக்கு ஒரு டப்பாவை மாட்டத் தெரியாதா? மகளை ஸ்டேஷனிலிருந்து அழைத்து வரும்போது ஒரு வார்த்தை பேசாமல் பாட்டை மட்டும் போடுவது என்பது திட்டம்.

சனிக்கிழமை காலையில் வாசலில் வண்டியை நிறுத்தி வேலையை ஆரம்பித்தார். பானெட்டைத் திறந்தால் பேட்டரியைக் காணோம். அரைமணி தேடியபிறகு பார்த்தால், அது டிக்கியில், தரைக்கு அடியில் ஒளிந்திருந்தது. அங்கிருந்து மின்சார ஒயரைக் கம்பளத்துக்கு அடியில் நுழைத்து முன்னால் கொண்டுவர, பக்கவாட்டுப் பட்டிகளைக் கழற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொரு பட்டியும் ‘படக்’ என்று கழன்றபோது அவர் நெஞ்சும் ‘படக்’ என்றது. இரண்டு கிளிப் உடைந்தே போயின. அவற்றைச் சட்டைப் பைக்குள் போட்டு மறைத்தார். யாரிடமிருந்து மறைத்தார் என்று தெரியவில்லை. வண்டி அவருடையதுதான்.

டிரைவருக்குப் பக்கத்து சீட்டைக் கழற்றித் தூக்கி, வாசலில் வைத்தார். சீட்டுக்கு அடியில், ஏர்பேக்குக்குப் போகிற மஞ்சள் நிற ஒயர் இணைப்பு ஒன்று இருந்தது. அதைப் பிரித்துப் போட்டிருந்தபோதே, பெட்டிக்குக் கரண்ட் வருகிறதா என்று பார்க்கும் அவசரத்தில் சாவியைத் திருப்பிவிட்டார். ஏர்பேக் விளக்கு சிவப்பாக எரிந்தது. மஞ்சள் இணைப்பைத் திரும்ப மாட்டியும் அணையவில்லை. சாவியை எடுத்தார், போட்டார், எடுத்தார், போட்டார். விளக்கு அசைந்து கொடுக்கவில்லை.

அதைவிட மோசம், பாட்டைப் போட்டதும் வந்த ரீங்காரம். எஞ்சினை வேகமாக்கினால் ரீங்காரமும் ஏறியது. காருக்குள் ஒரு பெரிய கொசு மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. ஒயர்களை மாற்றினார், திருப்பினார், திட்டினார்.

“ஏங்க, ஒருவாய் சாப்பிட்டுட்டுப் பாருங்களேன்.”

“நாளைக்கு அவ வந்துடுவா.”

“அவ சோறு சாப்பிடத்தான் வருவா, வண்டிய பாக்க இல்ல.”

அவர் காதில் எதுவும் விழவில்லை. நகக்கண்ணில் ரத்தம் வந்திருந்தது. அதையும் அவர் கவனிக்கவில்லை.

பிற்பகலில் ஒரு டாக்சி வந்து நின்றது. மகள் இறங்கினாள். ஒரு நாள் முந்தைய ரயிலில் இடம் கிடைத்ததாம், அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். அம்மா, அவர் கெடுபிடி தாங்காது என்று, அவரிடம் சொல்லவில்லை. வாசலில் தனியாக நின்ற சீட்டையும், காருக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்த அப்பாவின் காலையும் மகள் மாறி மாறிப் பார்த்தாள்.

“என்னப்பா இது, வண்டிக்கு ஆபரேஷனா?”

அவர் தலையை நிமிர்த்தியதில் டேஷ்போர்டில் இடித்துக்கொண்டார். அத்தனை நாள் ஒத்திகை பார்த்திருந்த மௌனமெல்லாம் போன இடம் தெரியவில்லை. “இதுல நீ கேக்கவே இல்லம்மா. வண்டியில குறை. உங்கிட்ட இல்ல. நான் கேட்டேன், வேற ஒண்ணுல கேட்டேன். அதான் இத மாட்டலாம்னு... ஆனா பாரு, கொசு கத்துது.”

மகள் வாசலில் கிடந்த சீட்டில் உட்கார்ந்தாள். ஷூ கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “ஸ்டார்ட் பண்ணுங்க” என்றாள். ரீங்காரத்தைக் கேட்டாள். “எங்க மேடையில இது தினமும் வரும்ப்பா. எர்த் சரியில்ல. எங்க கட்டியிருக்கீங்க?”

“சீட் போல்ட்டுல.”

“பெயின்டைச் சுரண்டினீங்களா?”

அவர் குனிந்து பார்த்தார். அவசரத்தில் பெயின்டுக்கு மேலேயே கட்டியிருந்தார். மகள் உப்புத்தாள் கேட்டாள். இருவரும் தரையில் குந்தி, பளபளவென்று இரும்பு தெரியும்வரை மாறி மாறித் தேய்த்தார்கள். ஒயரை இறுக்கிவிட்டு எஞ்சினைப் போட்டார்கள். கொசு போய்விட்டது.

சீட்டை மாட்டிவிட்டு இருவரும் ஒரு சுற்றுப் போனார்கள். பாட்டைப் போட்டார். சீட்டு வழியாக முதுகுக்குள்ளேயே வந்தது மகளின் வாசிப்பு. வண்டியை ஓட்ட முடியாமல், மூடியிருந்த ஒரு கடைக்கு முன்னால் ஓரம்கட்டினார். பாட்டின் நடுவில் ஓரிடம் வந்ததும் விரலைத் தூக்கினார்.

“இங்க நீ நின்னுட்டே. ஏம்மா? எல்லாரும் அந்தரத்துல தொங்கற மாதிரி இருக்கு.”

மகள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். “வேணும்னுதாம்ப்பா நிக்கறேன். ரெண்டு நாள் சண்டை போட்டு வாங்கின இடம் அது.” கொஞ்சம் பொறுத்து, கை நீட்டி சப்வூஃபரின் சத்தத்தைக் குறைத்தாள். “இவ்வளவு சத்தமா நான் வாசிக்கலப்பா. பாடுறவ பாவம்.”

ஆனாலும் சாமானை எடுத்துக்கொண்டுதான் போனாள். ஞாயிற்றுக்கிழமை அட்டைப் பெட்டிகளை அவரே டிக்கியில் அடுக்கி, ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் ஏற்றிவிட்டார். ரயில் நகரும்போது, “அடுத்த பாட்டை முதல்ல எனக்கு அனுப்பு” என்றார். “வண்டியிலதானே கேப்பீங்க?” என்று சிரித்தாள்.

ஏர்பேக் விளக்கை மட்டும் யாராலும் அணைக்க முடியவில்லை. அதற்கென்று கருவி வைத்திருக்கிற வொர்க்‌ஷாப்பில் அடுத்த வாரம்தான் நேரம் கிடைத்தது. அதுவரை மனைவி முன்சீட்டில் உட்கார மறுத்துவிட்டாள். பின்சீட்டில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, முதலாளியம்மா மாதிரி துணிக்கடைக்குப் போய் இறங்கினாள். கடையில் எல்லோரும் புது டிரைவர் யார் என்று கேட்டார்களாம்.