அனாயேலியின் ஏழு மணி

தான்சானியாவின் மோஷி ஊரில், ஆணிக்கடைக்குப் பின்னால் ஓர் அறையில் அனாயேலி தனியாக இருந்தான். சேர்ந்து வேலை செய்கிறவர்களுக்காக ஒரு மென்பொருளைப் பைத்தான் கணினிமொழியில், ஜாங்கோ என்ற ஆயத்தச் சட்டகத்தின் மேல் கட்டிக்கொண்டிருந்தான். பொது நாட்காட்டி, செய்திப் பலகை, நினைவூட்டும் மணி எல்லாம் அதில் உண்டு. நிரல் எல்லோருக்கும் திறந்தது. யாரும் எடுத்துத் திருத்தலாம். கூட எழுதிய மூவரும் வெளிநாட்டில். ஒருவர் முகத்தையும் அவன் நேரில் பார்த்ததில்லை. அதைப் பயன்படுத்தவும் ஆள் இல்லை.

வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் குழுவில் பொறுப்பு என்னுடையது. ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கிறோம், சரிவராவிட்டால் விட்டுவிடுவோம் என்று அவனிடம் சொன்னேன்.

மறுநாளே எங்கள் குழுவின் டிக்னா அவனிடம் கத்திக்கொண்டு வந்தாள்.

"ஊசி போடணும்னு மணி வச்சா, ராத்திரில அலறுது! வீடே முழிச்சிடுச்சு."

"போட்ட நேரத்துக்குத்தானே அடிக்கும்," என்றான்.

"ஆமாப்பா, உன் பெட்டி தப்பே பண்ணாது. அதையே கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்து!"

நாட்காட்டியில் எல்லோருடைய வரிசையும் நிரம்பியிருந்தது, அவனுடையது காலி. ஞாயிற்றுக்கிழமை, ஏழு, என் வீட்டில் சாப்பாடு என்று நானே அதில் போட்டேன்.

ஞாயிறு காலை நான் அடுப்பைக்கூடப் பற்றவைக்கவில்லை. அவன் தேய்த்த சட்டையுடன் வாசலில் நின்றான்.

"என்னடா இந்நேரத்துல?"

"ஏழுன்னு போட்டிருந்தீங்களேம்மா."

"ஏழுன்னா மத்தியானம். விடிஞ்சதுலேருந்துதானே எண்ணுவோம்? நீ இந்த ஊர்லதானே பொறந்த?"

அவன் முகம் மாறியது. டிக்னா காலை எட்டு மணியைத்தான் எங்கள் கணக்கில் இரண்டு என்று போட்டிருக்கிறாள்; அது நடுராத்திரி தாண்டி இரண்டுக்கு அடித்திருக்கிறது.

"என்கூட எழுதுறவங்கல்லாம் நடுராத்திரிலேருந்து எண்ணுறவங்கம்மா. அப்படியே பழகிடுச்சு. இங்க யார்கிட்டயும் மணி கேட்டே ரொம்ப நாளாச்சு."

காலையில் விருந்தா என்றுகூட அவனுக்குச் சந்தேகம் வரவில்லை. நான் பயறு பொறுக்கி, சோளத்தோடு வேகவைத்து முடிப்பதற்குள், அதே மேசையில் எங்கள் மணிக்கணக்கை நிரலில் சேர்த்துவிட்டான். வாரம் முடிந்தும் நாங்கள் அந்த மென்பொருளை விடவில்லை.

திருத்தத்தை அந்த மூவருக்கும் அனுப்பினான். எங்களுக்கு இது தேவையில்லை, வேண்டுமானால் நிரலின் ஒரு பிரதியை நீ தனியாகப் பிரித்து வைத்துக்கொள் என்று பதில் வந்தது. பிரித்துக்கொண்டான். இப்போது எழுதவும் பழுது பார்க்கவும் அவன் ஒருவன்தான்.

ஞாயிறு ஏழு மணியை நான் அழிக்கவில்லை. மதியம் சரியாக வருகிறான்.

"யாராவது கூட எழுத வந்தாங்களா?"

"இல்லம்மா."

"ஆறிடும், சாப்பிடு."