பேர் வெட்டிய டப்பா

எனக்குத் தெரிந்த ஒரே தொழில் எரிந்துபோன மோட்டாருக்குள் செப்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டுவது. ஓசூரில் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு சந்தில் கடை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போய்விட்டது. பிரிந்ததில் பள்ளிக்கூடத்துக்குத்தான் சந்தோஷம் அதிகம். அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் மோட்டார் நெற்றியில் அடித்திருக்கும் தகடுதான். அதில் எழுத்து குறைவு, எண் அதிகம். எனக்கு அது வசதி.

எங்கள் பக்கம் ஆயுத பூஜைக்கு ஒரு வழக்கம் உண்டு. கம்பெனியில் மெஷின்களைக் கழுவிப் பொட்டு வைத்துப் பூசணிக்காய் உடைக்கும் நாளில், அங்கே வேலை எடுத்துச் செய்யும் என்னைப் போன்ற கடைக்காரர்கள் பொரியோடு கடைப் பேர் போட்ட ஏதாவது ஒரு பொருளும் கொண்டுபோய்க் கொடுப்போம். நான் ஒரு வருஷம் பிளாஸ்டிக் கடிகாரம் கொடுத்தேன். அது தீபாவளியைப் பார்க்காமலே நின்றது. அடுத்த வருஷம் சோற்றுப் பை கொடுத்தேன். கம்பெனி பஸ்ஸில் ஒரு பிட்டரின் தோளில் அதன் வார் அறுந்து, தயிர்சாதம் பக்கத்து சீட்டுக்காரர் மடியில் இறங்கியது. பையின் மேல் என் கடைப் பேர் சிவப்பில் கொட்டை எழுத்தில் இருந்தது. பையே தாங்கவில்லை, இவன் கட்டுகிற காயில் எங்கே தாங்கும் என்று பஸ்ஸிலேயே பேசிக்கொண்டார்களாம். விளம்பரம் நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறது.

இந்த முறை விளையாட்டு இல்லை. என் கடைக்குச் சோறு போடுவதே ஒரு பெரிய கம்பெனியின் மோட்டார்கள்தான். அங்கே மெயின்டனன்ஸுக்குப் புதிதாக ஒரு மேடம் வந்திருந்தார். வடக்கே எங்கேயோ வளர்ந்தவர். தமிழ் பேசுவார், ஆனால் சூடான டம்ளரைத் தூக்குவது போல ஒவ்வொரு வார்த்தையையும் நுனியில் பிடித்துத்தான் தூக்குவார். மூன்று கடைகளுக்குப் பிரித்துக் கொடுத்த வேலையை இனிமேல் வருஷ ஆர்டராக ஒரே கடைக்குக் கொடுக்கப் போவதாகவும், பூஜை முடிந்ததும் எந்தக் கடை என்று சொல்வதாகவும் எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்துச் சொன்னார். கூடவே இன்னொன்றும் சொன்னார். பூஜைக்குக் கொண்டுவரும் பொருள் இந்த வருஷம் சஸ்டெயினபிளாக இருக்க வேண்டும்.

மற்ற இரண்டு பேரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். வெளியே வந்து அவர்களிடம் அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். அவர்கள் என்னிடம் அதையே கேட்டார்கள். திரும்ப உள்ளே போய் மேடத்திடமே கேட்டேன். வெட்கம் என்ற சாமான் என் கடையில் ஸ்டாக் கிடையாது.

"குப்பைக்குப் போகக் கூடாது அண்ணா. ரொம்ப வருஷம் யூஸ் ஆகணும். டெய்லி கையில எடுக்கணும். உங்க பேரும் இருக்கணும். அவ்ளோதான்."

அவ்வளவுதான் என்றார். எனக்கு அங்கேதான் ஆரம்பித்தது.

பெங்களூரிலிருந்து அத்திப்பள்ளி தாண்டி வந்து கம்பெனிகளுக்கு கிப்ட் சாமான் சப்ளை செய்யும் ஒருவரைப் பிடித்தேன். அவர் ஒரு பேனாவைக் காட்டினார். காகிதத்தில் சுற்றிய பேனா. மை தீர்ந்ததும் நட்டு வைத்தால் பின்பக்கம் இருக்கிற விதை முளைக்குமாம். ஒன்றை வாங்கி மேல்பையில் குத்திக்கொண்டேன். எங்கள் கடையில் வேர்வையும் வார்னிஷும் கலந்து ஒரு ஆறே ஓடும். சாயங்காலம் பார்த்தால் பேனா ஊறிப்போய் இட்லி மாதிரி இருந்தது. வீணாக்குவானேன் என்று அதைத் தொட்டியில் நட்டு வைத்தேன். முளைத்தது. தக்காளியா கத்தரியா என்று தினமும் தண்ணீர் ஊற்றிப் பார்த்ததில் அது பார்த்தீனியம் களை என்று தெரிந்தது. பேனாவில் இருந்து வந்ததா, தொட்டி மண்ணிலேயே இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்து மூங்கில் பாட்டில். வெளியே மூங்கில், உள்ளே எவர்சில்வர், மூடி பிளாஸ்டிக். அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, அந்த உறையை ஒரு பச்சைப் பெட்டியில் வைத்து, பெட்டியின் மேல் ஒரு இலைப் படம் போட்டிருந்தார். மூடியும் உறையும் என்ன கணக்கு என்று கேட்டேன். பெட்டிதான் கணக்கு என்றார்.

சரி, துணிப்பை. மஞ்சள் துணியில் பேர் அடித்துக் கொடுத்துவிடலாம் என்று வீட்டில் சொன்னேன். என் மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவே இல்லை.

"நீங்க இருக்கிற இருப்புக்கு மஞ்சக் கடுதாசிதான் பாக்கி. மஞ்சப்பை குடுத்தா ஊரே திவால்னுதான் நெனச்சிக்கும்."

பை வெள்ளையாகவே இருக்கட்டும் என்றால், எந்த மொழியில் பேர் போடுவது என்று அடுத்த குழப்பம். கம்பெனிக்குப் பாகலூரிலிருந்து வரும் ஆட்களுக்குத் தெலுங்கு, கன்னடம் இரண்டும் வேண்டும். ஓசூர் ஆட்களுக்குத் தமிழ். மேடத்துக்கு இங்கிலீஷ். எல்லாவற்றையும் போட்டால் பை பஸ்ஸின் போர்டு மாதிரி ஆகிவிடும். சாமி படம் மட்டும் போடலாமா என்று யோசித்தேன். அந்தப் பையில் யாரும் கோழிக்கறி வாங்க மாட்டார்கள். பூஜை அறையில் மாட்டிவிட்டுக் கும்பிடுவார்கள். தினமும் கையில் எடுக்க வேண்டும் என்று மேடம் சொல்லியிருக்கிறாரே.

அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது பருப்பு வந்த கிண்ணத்தைப் பார்த்தேன். அதன் வயிற்றில் என் மனைவியின் சித்தப்பா பேர் போட்டு அன்பளிப்பு என்று வெட்டியிருந்தது. எங்கள் கல்யாணத்துக்கு அவர் கொடுத்தது. ஒரு வேலித் தகராறில் அவர் எங்களோடு பேச்சை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. ஆனாலும் தினமும் பருப்போடு வந்து என் முன்னால் உட்கார்ந்துவிடுகிறார். குப்பைக்குப் போகாது, வருஷக்கணக்கில் உழைக்கிறது, தினமும் கையில் எடுக்கிறோம், பேரும் இருக்கிறது. மேடம் கேட்ட நான்கும் கிண்ணத்தில் இருந்தது. நான் சோற்றில் கையை வைத்துக்கொண்டு சிரித்தேன். பருப்பில் உப்பு அதிகமோ என்று அவள் பயந்துபோனாள்.

பஜாரில் ஒரு பாத்திரக்கடையில் மூடி போட்ட எவர்சில்வர் டப்பாக்கள் எடுத்தேன். கடை வாசலில் பேர் வெட்டுகிறவர் உட்கார்ந்திருந்தார். அவருடைய ஊசி ரீங்கரிக்கும் சத்தம் எனக்கு நம்ம வீட்டுச் சத்தம் மாதிரி. அதற்குள்ளும் ஒரு சின்னக் காயில்தானே துடிக்கிறது. மேலே அன்பளிப்பு என்று போட்டுவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அது கல்யாண வீட்டு எழுத்து, இது பிசினஸ், கடைப் பேரையும் போன் நம்பரையும் பெரிதாக வெட்டுங்கள் என்றேன். எண்ணுக்கு மொழி கிடையாது, பாகலூரிலும் படிப்பார்கள் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு.

"டப்பாவுல போன் நம்பரா? டப்பா காணாமப் போனா அதுவே போன் பண்ணுமா?"

சொன்னதைச் செய்யுங்க சாமி என்றேன். செய்தார். நான் புத்திசாலி என்று நினைத்துக்கொண்ட நாட்களை எல்லாம் எண்ணினால் ஒரு கை விரல் போதும். அந்த நாள் அதில் ஒன்று.

பூஜையன்று என் மனைவி ஒவ்வொரு டப்பாவிலும் பொரி, பொட்டுக்கடலை, வெல்லம், தேங்காய்ச் சில்லு போட்டு நிரப்பினாள். கம்பெனியில் எல்லோரும் சிரித்த முகமாகத்தான் வாங்கினார்கள். மேடமும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மற்ற இரண்டு கடைக்காரர்களில் ஒருவர் அந்த மூங்கில் பாட்டிலைக் கொண்டுவந்திருந்தார். இன்னொருவர் விதைக் காகிதத்தில் காலண்டர். அவர்கள் பெட்டிகள் மணப்பெண் மாதிரி மினுக்கின. என் டப்பாக்கள் கல்யாண வீட்டில் பாத்திரம் கழுவ வந்தவை மாதிரி நின்றன.

அதற்கு அடுத்த வாரம் கம்பெனி கேட்டிலிருந்து செக்யூரிட்டி போன் செய்தார்.

"அண்ணா, உங்க டப்பாங்க எல்லாம் கேட்டுல வந்து குவிஞ்சிக்கெடக்குது. எடுத்துனு போயிடுங்க. எனக்கு உக்கார எடம் இல்ல."

எல்லாரும் திருப்பிவிட்டார்கள். கொடுத்த பொருளைத் திருப்பினால் உறவு முறிந்தது என்றுதானே அர்த்தம். ஆர்டர் போச்சு. கேட்டுக்குப் போய் ஏன் திருப்பினார்கள் என்று கேட்டேன். உங்க பேர் போட்டிருக்குது, உங்களுக்குத்தானே வரணும் என்றார் செக்யூரிட்டி. அவர் ஆறுதல் சொல்கிறாரா கிண்டல் செய்கிறாரா என்று புரியவில்லை. தலையைக் குனிந்தபடி டப்பாக்களைச் சாக்கில் அள்ளி வண்டியில் கட்டினேன். சாக்கு ஏன் இவ்வளவு கனக்கிறது என்று யோசிக்கக்கூடத் தோன்றவில்லை. அவமானத்துக்கு எடை உண்டு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மூடிகளில் யார் கொடுத்தது என்று சீட்டு ஒட்டியிருந்தது. வீட்டில் என் மனைவி ஒரு மூடியைத் திறந்தாள். உள்ளே புளி. அடுத்ததில் சர்க்கரை. ஸ்டோர்ஸ்காரர் திருப்பியதில் காகிதம் சுற்றிய நாட்டுக்கோழி முட்டைகள். வெல்டர் பாய் அனுப்பியதில் பேரீச்சம்பழம். பாகலூர்க்காரர் ஒருவர் ரோஜாத் தோட்டத்திலிருந்து பூவாகவே அடைத்து அனுப்பியிருந்தார். தேன்கனிக்கோட்டையிலிருந்து வரும் ஆபரேட்டரின் டப்பாவில் கேழ்வரகு மாவு. இரண்டு நாள் கழித்து அவரைப் பார்த்து ஏன் இதெல்லாம் என்று கேட்டபோது அவர் சொன்னார்: "எங்க கேவுரு வயல்ல யானை தின்னது போக மிச்சம் வெச்சதுண்ணா. அதுக்கு மேல எங்க போறது?"

அது பிறகு. அன்று நான் டப்பாக்களுக்கு நடுவே மண்டையைச் சொறிந்துகொண்டிருந்தேன். கோபமா, அன்பா, ஒன்றும் பிடிபடவில்லை. என் மனைவி மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"அடுத்தவங்க பேரு வெட்டின பாத்திரத்த யாரு வீட்லயாச்சும் வெச்சிக்குவாங்களா? நீங்க பொரி குடுத்து அனுப்பினீங்க. தின்னுட்டு ஏனத்தத் திருப்பிட்டாங்க. வெறும் ஏனமா குடுக்கக் கூடாதுன்னு எதையோ போட்டுக் குடுத்திருக்காங்க. அன்பளிப்புன்னு ஒரு வார்த்த வெட்டியிருந்தா இந்தப் பாடு உண்டா?"

அந்த வார்த்தையை வேண்டாம் என்று சொன்ன மேதை யார் என்று நான் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கொஞ்சம் மூச்சு வந்தது. கடைசி டப்பாவைத் திறக்கும்வரை. அதன் மூடியில் மேடத்தின் டிபார்ட்மென்ட் சீட்டு ஒட்டியிருந்தது. உள்ளே ஒரு பேரிங். கருகி, குண்டு தெறித்து, செத்துப்போன பேரிங்.

எங்கள் தொழிலில் பேரிங் போச்சு என்றால் கதை முடிந்தது என்று பொருள். புளி கொடுத்தவர் புளி கொடுத்தார். மேடம் எனக்குச் சாவுச் செய்தி கொடுத்திருக்கிறார். அல்லது வேலை கொடுத்திருக்கிறார். அல்லது குப்பைத்தொட்டி என்று நினைத்துப் போட்டிருக்கிறார். மூன்றில் எது என்று தெரியாமல் அந்த நாட்டுக்கோழி முட்டையை ஆம்லெட் போட்டுத் தின்றேன். குழப்பத்திலும் ருசியாக இருந்தது.

மறுநாள் பேரிங்கைக் கையில் பிடித்துக்கொண்டு மேடம் முன்னால் போய் நின்றேன். அவர் என்னைவிடக் குழம்பியிருந்தார். அத்தனை பேரும் டப்பாவைத் திருப்பிக் கொடுப்பதைப் பார்த்துத் தானும் கொடுக்க வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்தாராம்.

"காலியா அனுப்பக் கூடாதுன்னு சொன்னாங்க அண்ணா. என் டேபிள்ல இது மட்டும்தான் இருந்துச்சு. தப்பா?"

தப்பில்லை மேடம் என்றேன். அந்த பேரிங்கோடு எரிந்த மோட்டார் ஸ்டோர்ஸில் கிடப்பதாகவும், எடுத்துப்போய்ச் சரி செய்யும்படியும் சொன்னார். தைரியத்தை வரவழைத்துக்கொண்டு வருஷ ஆர்டரைப் பற்றிக் கேட்டேன். அவர் அலமாரியைக் காட்டினார். மூங்கில் பாட்டிலும் காலண்டரும் உறை பிரிக்காமல் அடுக்கியிருந்தன.

"அதெல்லாம் கிரீன்னு எழுதியிருக்கு, யாரும் தொடல. உங்களோடதை எல்லாரும் யூஸ் பண்ணாங்க, ஆனா யார்கிட்டயும் இல்ல. இது சஸ்டெயினபிளா இல்லையா, எனக்கே புரியல. நீங்க முதல்ல மோட்டாரை ஓட வைங்க."

ஓட வைத்தேன். வாழ்க்கையில் அவ்வளவு நிதானமாக நான் எந்த மோட்டாருக்கும் காயில் கட்டியதில்லை. வருஷ ஆர்டர் எங்கள் கடைக்கே வந்தது. டப்பாவுக்காகவா மோட்டாருக்காகவா என்று கேட்கப் பயமாக இருந்தது. கேட்டு, அவரும் யோசிக்க ஆரம்பித்துவிட்டால்?

டப்பாக்களைத் திரும்பவும் பேர் வெட்டுகிறவரிடம் தூக்கிப்போனேன். அன்பளிப்பு என்று சேர்க்கச் சொன்னேன். அவர் டப்பாவை உருட்டிப் பார்த்தார். போன் நம்பரைப் பெரிதாகப் போடச் சொன்னதில் எங்கும் இடமில்லை. அடியில் வெட்டித் தருகிறேன் என்றார். சரி என்றேன். திருப்பிக் கொடுக்கும்போது காலியாகக் கொடுக்க முடியாதே. என் மனைவி முறுக்கு சுட்டு நிரப்பினாள். கொண்டுபோய் எல்லோரிடமும், இது உங்களுடையது, வைத்துக்கொள்ளுங்கள் என்று வாயாலேயே சொல்லிக் கொடுத்தேன்.

வாங்கியவருக்கு வாயால் சொல்லிவிடலாம். வாங்கியவரின் வீட்டில் பாத்திரம் கழுவுகிறவர்களுக்கு யார் சொல்வது? யாரும் டப்பாவின் அடியைப் பார்ப்பதில்லை. வயிற்றில் இருக்கும் பேரைத்தான் பார்க்கிறார்கள்.

போன வாரம் செக்யூரிட்டி கூப்பிட்டார். டப்பா வந்திருக்கிறது என்றார். காலியாகவா என்று கேட்டேன்.

"தெரியலண்ணா. கனமாத்தான் இருக்குது."