வழித்துத் துடைத்த கோப்பை

போன கிழமை மகள் தொலைபேசியில் கேட்டாள், சரக்குத் தண்ணி எப்படி வைக்கிறதென்று. அவள் இருக்கும் ஊரில் பனி கொட்டுகிறதாம், தடிமனும் இருமலுமாம். எனக்கு மறந்துபோச்சு பிள்ளை என்று சொல்லிவிட்டேன். பச்சைப் பொய். மல்லி எவ்வளவு, மிளகு எவ்வளவு, வேர்க்கொம்புச் சுக்கை எப்போது தட்டிப் போடவேண்டும் என்பதையெல்லாம் நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்தச் சரக்குச் சாப்பாட்டைப் பற்றி நான் சொன்ன முதல் பொய்யும் இதல்ல. முதல் பொய்யைச் சொன்னபோது எனக்கு எட்டு வயது.

ஐம்பதுகளின் கடைசி அது. ஐயாவுக்கு அக்கராயன் பக்கம் குடியேற்றக் காணி கிடைத்து, யாழ்ப்பாணத்திலிருந்து நாங்கள் வந்து மூன்றாவது மாரி. மண்சுவர் வீடு, கிடுகுக் கூரை, ஓர் அறை, ஒரு விறாந்தை, தள்ளிச் சமைக்க ஒரு குசினி. மார்கழி என்றால் ஊரில் பொங்கலுக்கு நாள் எண்ணுவார்கள். எங்களுக்கு அது நெல் மூட்டையின் அடி தெரிகிற மாதம். வயலில் பயிர் கதிர் தள்ளாமல் குடலையாகி நிற்கும், வீட்டில் அரிசி இருக்காது. ஐயாவும் நானும் அவித்த மரவள்ளிக் கிழங்கும் சம்பலும் தின்று தின்று, கிழங்கைக் கண்டாலே எனக்கு வயிற்றைப் பிரட்டும். மழை விட்டபாடில்லை. சுவரைத் தொட்டால் கையில் ஈரம் ஒட்டும். கூதல் எலும்புக்குள் இறங்கி இருந்தது.

அந்த மாரியில்தான் என் தம்பி பிறந்தான். இரண்டு நாள் இருந்தான். மூன்றாம் நாள் காலையில் ஐயா அவனை ஒரு வெள்ளை வேட்டித் துண்டில் சுற்றி, வளவின் கடைசியில் நின்ற பாலை மரத்தடிக்குக் கொண்டுபோனார். மண்வெட்டியோடு பக்கத்து வளவுக்காரர் பின்னால் போனார். நான் விறாந்தையில் நின்று பார்த்தேன். வெட்ட வெட்டக் கிடங்கில் தண்ணீர் ஊறியதால், ஐயா ஒரு சிரட்டையால் நெடுநேரம் இறைத்துக்கொண்டிருந்தார்.

அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, பிள்ளைப்பேறு பார்க்கவென்று முன்கூட்டியே யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தார். ஓலைப்பெட்டி நிறையச் சரக்குச் சாமான். மல்லி, மிளகு, நற்சீரகம், திப்பிலி, வேர்க்கொம்பு, மஞ்சள் எல்லாம் வெயிலில் காயவைத்துத் துணியில் முடிந்து கொண்டுவந்தது. கூடவே உளுத்தம்மா, பனங்கட்டி, இரண்டு போத்தல் நல்லெண்ணெய், பால் சுரப்பதற்கென்று ஒரு சுறாக் கருவாட்டுப் பொட்டலம். பிள்ளை போய்விட்டாலும் பெற்ற உடம்பு பெற்ற உடம்புதான், முப்பத்தொரு நாளும் பத்தியம் குறையக்கூடாது என்று சின்னம்மா சொல்லிவிட்டார். கருவாட்டுப் பொட்டலத்தை மட்டும் அவர் பிரிக்கவில்லை. அது குசினிக் கூரையில் தொங்கியது. அதை ஏன் கறி வைக்கவில்லை என்று நான் ஒருநாள் கேட்டபோது, அடுப்பை ஊதுகிற சாட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சின்னம்மாவின் கைப்பக்குவத்தை என்னென்று சொல்ல! சரக்கை வறுத்து அம்மியில் பட்டுப்போல அரைத்து, ஐயா களப்புக் கடல் பக்கம் சைக்கிளில் போய்க் கொண்டுவந்த சின்ன மீனைப் போட்டு, உள்ளிப்பூண்டை முழுசு முழுசாகப் போட்டு ஒரு கறி வைப்பார். முட்டையை நல்லெண்ணெயில் மிளகு தூவிப் பொரிப்பார். எங்கிருந்தோ கடன் சொல்லி வாங்கிய மொட்டைக்கறுப்பன் அரிசிச் சோறு. பின்னேரத்துக்கு உளுத்தங்களி, நடுவே குழி வைத்து எண்ணெய் விட்டது. மழைக்குள் அந்த மணம் வளவெல்லாம் நிற்கும். ஐயா விறாந்தையில் கிழங்கை உரித்துக்கொண்டு, அந்த மணத்துக்கே ஒரு நிம்மதி வந்தவர்போல இருப்பார். வீட்டிலிருந்த நல்ல சாப்பாடு முழுக்க ஒரே ஒரு கோப்பையில், அகன்ற வெள்ளை எனாமல் கோப்பையில், அம்மாவுக்குப் போகும்.

கொண்டுபோவது நான். சின்னம்மா பொல்லாத ஆசாரக்காரி. விடியற்காலையில் அம்மாவுக்கு வேப்பிலைத் தண்ணீர் வார்த்து, உடுப்பு மாற்றி, அறையைக் கூட்டிவிட்டுத் தான் போய்க் கிணற்றில் தோய்வார். தோய்ந்து குசினிக்குள் வந்துவிட்டால் அடுத்த விடியல்வரை பிள்ளை பெற்ற தீட்டுள்ள துடக்கு அறையின் வாசலை மிதிக்கமாட்டார். சுவாமி விளக்கு வைத்த குசினி அது. ஐயாவோ ஆம்பிளை, வாசலில் நின்று இருமுவதோடு சரி. சின்னப்பிள்ளைக்குத் துடக்கில்லை என்று சட்டம் சொல்லி, கோப்பையை என் கையில் தந்தார்கள்.

முதல் இரண்டு மூன்று நாள் அம்மா சாப்பிட்டமாதிரித்தான் இருந்தது. ஒரு கவளத்தை வாயில் வைத்து மென்றுகொண்டே இருப்பார், விழுங்கமாட்டார். நான் கட்டிலுக்குக் கீழே குந்தியிருந்து கோப்பையையே பார்ப்பேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் அம்மாவைப் பார்க்கவில்லை, முட்டையைப் பார்த்தேன். நாலாம் நாள் அம்மா கோப்பையை என் பக்கம் தள்ளினார்.

"இந்தா, கெதியாச் சாப்பிடு. சின்னம்மாவுக்குச் சொல்லாதை."

சாப்பிட்டேன். அப்பாடா, என்ன சாப்பாடு! மிளகுக் காரம் தொண்டையில் இறங்க இறங்க, கூதல் என்னை விட்டு எழும்பிப் போவது தெரிந்தது. அம்மா சுவர்ப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து, சின்ன யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த யன்னலால் பார்த்தால் மழையும் பாலை மரமும்தான் தெரியும்.

அதன்பிறகு அது வழக்கமாகிவிட்டது. காலையும் மத்தியானமும் பின்னேரமும் கோப்பை போகும், நான் வழித்துத் துடைத்துக் கொண்டுவருவேன். சின்னம்மா குசினி வாசலில் நின்று எட்டிப் பார்த்து, மிச்சமில்லை என்று கண்டதும் முகம் மலர்வார். வாயைத் துடைத்துவிட்டுப் போ என்று அம்மா தன் சேலைத் தலைப்பை நீட்டுவார். அம்மாவுக்கும் எனக்கும் மட்டுமான ஒரு களவு. தம்பி பிறந்தால் உன்னைக் கவனிக்க ஆளிருக்காது என்று பக்கத்து வளவுப் பெண்கள் என்னைச் சீண்டியிருந்தார்கள். இப்போது அம்மா முழுதாக எனக்கே வந்துவிட்டதாக நினைத்தேன். கடவுளே, அந்த மார்கழியில் நான் சந்தோசமாக இருந்தேன்.

ஒரு நாள் எனக்கே மனம் கேட்காமல், ஒரு வாய் களியாவது சாப்பிடுங்கோ அம்மா, சூடாக இருக்கு, கூதலுக்கு நல்லது என்று சின்னம்மா சொல்வதுபோலச் சொன்னேன். அம்மா திரும்பவில்லை.

"வெளியில அவனுக்குக் கூதலடிக்குமடி" என்றார். யன்னலைப் பார்த்தபடியே, "எனக்கென்னத்துக்குச் சூடு?" என்றார்.

யாருக்குக் கூதல் என்று நான் யன்னலால் எட்டிப் பார்த்தேன். வெளியே ஒருவரும் இல்லை. களியைத் தின்று முடித்தேன்.

அம்மா உருகிக்கொண்டு போனார். காலையில் தண்ணீர் வார்க்கும்போது சின்னம்மா அதைக் கண்டார். தோள் எலும்பு கையில் தட்டுப்படுகிறது என்று ஐயாவிடம் சொல்லி அழுதார். தின்கிற தீன் எங்கே போகிறதென்று தெரியவில்லையே என்று, சரக்கை இன்னும் கூட்டினார், எண்ணெயை இன்னும் விட்டார், ஒரு முட்டை இரண்டு முட்டையாயிற்று. அத்தனையும் எனக்கு வந்தது. என் கன்னம் உப்பியது. மாரிக்கு எல்லாப் பிள்ளைகளும் மெலிய, இவள் மட்டும் கொழுக்கிறாளே, கிழங்கு பிடித்துவிட்டது போல என்று ஐயா என் தலையில் குட்டிச் சிரித்தார்.

குளம் வான்பாய்ந்து தெருவெல்லாம் வெள்ளமாய் நின்ற நாட்களில் அம்மாவுக்குக் காய்ச்சல் பிடித்தது. கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு வண்டி போகாது. ஐயா இடுப்பளவு தண்ணீரில் நடந்து போய்ப் பரியாரியாரைக் கூட்டிவந்தார். வயதான மனிதர், நனைந்து நடுங்கிக்கொண்டு வந்தார். நாடி பிடித்தார், நாக்கைப் பார்த்தார், கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். பிறகு விறாந்தைக்கு வந்து, சாப்பாடு இறங்குகிறதா என்று கேட்டார்.

"கோப்பை வழிச்சுத் துடைச்ச மாதிரித் திரும்பி வருது பரியாரியார்" என்றார் சின்னம்மா, குசினி வாசலில் நின்றபடி. "ஒரு பருக்கை மிச்சம் வைக்கிறேல்லை."

பரியாரியாரின் முகத்தில் நம்பிக்கை இல்லை. பிறகு என்னைப் பார்த்தார். பார்த்தார் என்றால், என் கன்னத்தை, என் கையை, என் வாயை. கிட்டக் கூப்பிட்டார்.

"பிள்ளைதானே கொண்டுபோய்க் குடுக்கிறது. அம்மா சாப்பிடுறாவோ?"

அறைக் கதவு திறந்திருந்தது. அம்மாவுக்குக் கேட்டிருக்கும். ஐயா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். சின்னம்மா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓம்" என்றேன்.

அம்மாவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன் என்று பிற்காலத்தில் எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது கொஞ்சம் உண்மை. மற்றக் கொஞ்சம், அன்று மத்தியானம் முட்டை என்பது எனக்குத் தெரியும். காலையில் சின்னம்மா கோழிக்கூட்டிலிருந்து எடுத்ததை நான் கண்டிருந்தேன்.

பரியாரியார் தலையாட்டினார். இவ்வளவு சாப்பிட்டும் உடம்பு கரைகிறதென்றால் குறை சாப்பாட்டில் இல்லை, உள்ளுக்குள் சூடு கூடிவிட்டது, சரக்கும் எண்ணெயும் முட்டையும் இனி வேண்டாம், உப்பில்லாத கஞ்சி மட்டும் கொடுங்கள் என்று சொன்னார். அவரில் என்ன பிழை? அவருக்குக் கிடைத்த சாட்சி நான்தானே. அவர் போனபிறகு சின்னம்மா அம்மியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே தரையில் இருந்துவிட்டார். தன் கையால் வைத்த சூடுதான் அக்காவைத் தின்கிறது என்று நினைத்திருக்கவேண்டும். அன்றைக்கு மட்டுமில்லை, சாகும்வரைக்கும் அப்படித்தான் நினைத்தார். பிறகு எந்தப் பிள்ளைப்பெற்ற வீட்டிலும் அவர் சரக்கு அரைக்கவில்லை. எனக்கு மகள் பிறந்தபோதும் வந்து, கைராசி இல்லாத கையடி இது என்று சொல்லி, கைகளைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு விறாந்தையிலேயே இருந்துவிட்டுப் போனார். அப்போதாவது நான் வாய் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

கஞ்சி எனக்குப் பிடிக்கவில்லை. அம்மாவும் குடிக்கவில்லை. யன்னலால் கோழிகளுக்கு ஊற்றிவிட்டு வெறும் கோப்பையைக் கொண்டுபோவேன். சாப்பாடு நின்றுபோன கோபத்தில் அம்மாவோடு இரண்டு நாள் சரியாகப் பேசவும் இல்லை. வெள்ளம் வடிந்த காலையில் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவென்று வண்டிலில் வைக்கோல் பரப்பி, ஐயா மாடு பூட்டப் போனார். ஒரு மாட்டைப் பூட்டி மற்றதைக் கட்டையிலிருந்து அவிழ்க்கும்போது, அறைக்குள்ளிருந்து சின்னம்மாவின் சத்தம் கேட்டது. அன்று அவர் தோய்ந்தபிறகும் அந்த வாசலைத் தாண்டி உள்ளே போயிருந்தார். பூட்டிய மாட்டோடு வண்டில் மத்தியானம்வரை முற்றத்தில் நின்றது.

செத்தவீட்டுக்கு வந்த எல்லாரிடமும் சின்னம்மா ஒரே கதையைத்தான் சொல்லி அழுதார். பட்டினி போடவில்லை, ஒரு குறையும் வைக்கவில்லை, வைத்ததெல்லாம் விருப்பமாகச் சாப்பிட்டா, கோப்பையில் ஒரு பருக்கை மிஞ்சியதில்லை. பெண்கள் ஓம் ஓம் என்று கண்ணைத் துடைத்தார்கள். நான் ஐயாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன், களவு பிடிபட்டுவிடுமோ என்ற பயத்தில். பிடிபடவில்லை என்று கண்டபோது எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

எட்டாம் நாள் படைத்தார்கள். செத்துப்போனவருக்கு என்னென்ன விருப்பமோ அதையெல்லாம் சமைத்து, அவர் கிடந்த இடத்தில் வாழையிலையில் வைத்து, அவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நிற்பது எங்கள் வழக்கம். கவிழ்த்து வைத்த அம்மியைச் சின்னம்மா கடைசித் தடவையாக நிமிர்த்தினார். அக்காவுக்கு எது விருப்பம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும், மூன்று கிழமையாகக் கண்ணால் பார்த்தவர். சரக்குக் கறி. உள்ளி. மிளகு தூவிய இரண்டு முட்டை. குழி நிறைய எண்ணெய் விட்ட உளுத்தங்களி. இலையைப் பார்த்தேன். அதில் இருந்ததெல்லாம் எனக்கு விருப்பமானவை.

ஐயா கதவைச் சாத்தினார். மழை தூறிக்கொண்டிருந்தது. எல்லாரும் முற்றத்தில் இறங்கி நின்றார்கள், நான் மட்டும் கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். அம்மா சாப்பிடமாட்டா என்பது அந்த வளவில் எனக்கு மட்டும்தான் தெரியும். கோப்பையைத் தள்ளுவதுபோல இலையைத் தள்ளுவா, இந்தா கெதியாச் சாப்பிடு என்று கூப்பிடுவா என்று, கதவு இடுக்கில் காதை வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.