சொல்லிவிட்டுப் பூட்டியவள்

அவள் பார்க்கிற வேலையை வீட்டில் யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. உண்மையைச் சொன்னால் அவளுக்கே பாதிதான் புரிந்திருந்தது. அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள். என்ன வேலை என்று கேட்டால் ஒரே சொல்லில் பதில் வரவேண்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். டீச்சர், நர்ஸ், பேங்க், இப்படி ஏதாவது.

“இன்டர்நெட்ல ஒரு மன்றம் இருக்கும்மா. தையல் மெஷின் வச்சிருக்கிறவங்க அதுல வந்து சந்தேகம் கேட்பாங்க, தெரிஞ்சவங்க பதில் சொல்வாங்க. ஒரு கேள்வியும் அதுக்குக் கீழ வர்ற பேச்சும் சேர்ந்தா அது ஒரு திரி. ரொம்ப நாளா யாரும் பேசாம கிடக்கிற திரியை நான் பூட்டணும்.”

அம்மா யோசித்தாள். “பேச்சில்லாம கிடந்தா அது பாட்டுக்குக் கிடக்கட்டுமே. அதை எதுக்குப் பூட்டணும்?”

“திடீர்னு ஒருத்தர் வந்து பத்து வருஷத்துக்கு முன்னாடி விட்ட பேச்சை மறுபடி ஆரம்பிச்சிடுவாரு.”

“அப்போ நீ வேலைக்குன்னு வெளியே போகவே வேண்டாம். இங்கயே நிறைய வேலை இருக்கு” என்றார் அப்பா, அத்தை உட்கார்ந்திருந்த பக்கம் பார்க்காமல்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தச் சண்டையையும் சும்மா மறக்கமாட்டாள், மறந்துவிட்டதாக அறிவித்துவிட்டுத்தான் மறப்பாள். “உங்க கல்யாணத்துல எனக்கு உட்கார ஒரு நாற்காலி போடலை. போகட்டும், அதை நான் எப்பவோ மறந்துட்டேன்” என்பாள். அன்றைக்குப் பொழுது சாயும்வரை வீட்டில் அந்த நாற்காலிதான் பேச்சு.

மன்றத்தை நடத்தியது தையல் மெஷின் உதிரி பாகங்கள் விற்கும் ஒரு கடை. முன்பக்கம் ஊசியும் பாபினும் பெல்ட்டும் நிறைந்த இழுப்பறைகள், பின்பக்கம் ஜன்னலோரம் மெஷின்களைக் கவிழ்த்துப் போட்டு வைத்தியம் பார்க்கும் மெக்கானிக் அண்ணன், ஒரு ஓரத்தில் கண்ணாடித் தடுப்புக்குள் முதலாளி. பொத்தான் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்த மேஜையைக் காலி செய்து அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். ஏறி இறங்கிய நேர்முகத் தேர்வுகளில் ‘சொல்லி அனுப்புறோம்’ என்று அனுப்பி வைத்தவர்களில் ஒருவர்கூட இதுவரை சொல்லி அனுப்பவில்லை. அதனால் அந்த மேஜை அவளுக்குச் சிம்மாசனம்தான்.

முதலாளி முதல் நாளே சொல்லிவிட்டார். “புதுசா வர்றவங்க பழைய திரியைப் படிச்சிட்டு, இப்போ வராத பார்ட்டைக் கேட்டு என் உயிரை வாங்குறாங்க. ஒரு வருஷம் பேச்சில்லாத திரியைப் பூட்டிடணும். சண்டை வந்தா அப்பவே பூட்டிடணும். விதி ரெண்டே ரெண்டுதான், நானே எழுதினது. மாசக் கடைசிக்குள்ள மன்றம் சுத்தமாயிட்டா உன்னை நிரந்தரம் பண்றேன். இல்லைன்னா இந்த மேஜை மறுபடி பொத்தானுக்கு.”

பூட்டுவது சுலபம். ஒரு தட்டுத் தட்டினால் போதும், அதன்பிறகு படிக்கலாம், பதில் எழுத முடியாது. ஆனால் அவளுக்கு மனசு கேட்கவில்லை. வந்தவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துகிற மாதிரி இருந்தது. ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சாத்தினால் என்ன? படித்த பெண் அல்லவா, உட்கார்ந்து அழகாக எழுதினாள்.

“அன்புள்ள உறுப்பினர்களே, இந்தத் திரியில் நெடுநாளாகப் பேச்சில்லை. எனவே இது ஒரு வாரத்தில் பூட்டப்படும். இதுவரை பங்கெடுத்த அனைவருக்கும் நன்றி.”

ஓய்ந்து கிடந்த திரிகளையெல்லாம் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, இந்தக் கடிதத்தை ஒரே அழுத்தில் எல்லாவற்றிலும் போட்டுவிட்டு, பையை மாட்டிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனாள்.

திரியில் எது எழுதினாலும் அது புதுப் பேச்சுதான், அந்தத் திரி மன்றத்தின் உச்சிக்கு ஏறிவிடும் என்பதும், முன்பு அதில் எழுதிய அத்தனை பேருக்கும் மின்னஞ்சல் பறக்கும் என்பதும் அவளுக்குத் தெரியாதா? தெரியும். நன்றி சொல்கிற அவசரத்தில் தோன்றவில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டிக்கும் சங்கு ஊதத் தெரிந்துதானே இருந்திருக்கும்!

காலையில் வந்து பார்த்தால் மன்றம் சந்தைக்கடையாகிக் கிடந்தது. “பூட்டுவதற்கு முன் ஒரே ஒரு வார்த்தை” என்று தொடங்கி ஒருவர் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். “மிதியில் சத்தம் வருகிறது” என்று ஒரு காலத்தில் கேட்டவர், “மெஷினை விற்றுவிட்டேன். சத்தம் இப்போது வாங்கியவர் வீட்டில் வருகிறது” என்று தகவல் தந்திருந்தார். இன்னொருவர் கோபமாக இருந்தார்: “நான் நன்றாகத்தான் இருக்கிறேன். எதற்கு இரங்கல் கடிதம்?”

ஒரு வருஷம் பேச்சில்லாத திரியைத்தான் பூட்டலாம். இப்போது பேச்சில்லாத திரி ஒன்றுகூட இல்லை. முதலாளியின் முதல் விதியைத் தன் கையாலேயே பறக்கவிட்டிருந்தாள்.

“என்னம்மா, முகம் செத்துப் போச்சு?” என்றார் மெக்கானிக் அண்ணன்.

“தூங்கினதையெல்லாம் எழுப்பி விட்டுட்டேண்ணே.”

“எழுப்பினவதான் தாலாட்டணும். உட்காரு.”

இரண்டாவது விதி மிச்சமிருந்தது. சண்டை வந்த திரிகளைத் தேடித் தேடிப் பூட்டினாள். நலம் விசாரித்துக்கொண்ட திரிகளில் விசாரிப்பு சண்டையாக மாறும்வரை பொறுத்திருந்து பூட்டினாள். அதிகம் பொறுக்க வேண்டியிருக்கவில்லை. இந்தமுறை யாருக்கும் நன்றி சொல்லவில்லை. உறுப்பினர்கள் அவளுக்குப் ‘பூட்டு’ என்று பெயர் வைத்தார்கள்.

மாசக் கடைசி நெருங்கியபோது ஒரே ஒரு திரிதான் மிச்சம். மெஷினுக்கு எண்ணெய் விடும்போது ஒரு துளைக்கு ஒரு சொட்டா, மூன்று சொட்டா என்பது அதில் வழக்கு. பல வருஷத்துக்கு முன் இரண்டு பேர் மோதிக்கொண்டு ஓய்ந்தது. ஒருவர் தனக்கு ‘ஒருசொட்டு’ என்றே பெயர் வைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துவிட்டு மற்றவர் ‘மூணுசொட்டு’ ஆனார். அவளுடைய நன்றிக் கடிதம் போனதும் இரண்டு பேரும் விட்ட இடத்திலிருந்து தொடங்கிவிட்டார்கள், நடுவில் தண்ணீர் குடிக்கப் போய் வந்தவர்கள் மாதிரி.

பூட்டக் கை நீட்டும்போதுதான் கண்ணாடித் தடுப்புக்குள்ளிருந்து தடதடவென்று சத்தம் கேட்டது. முதலாளி கீபோர்டை மாவு இடிப்பதுபோல் இடித்துக்கொண்டிருந்தார். சத்தம் நின்றது. திரையில் ஒருசொட்டின் பதிவு வந்து விழுந்தது. உடனே உள்ளேயிருந்து, “ஒரு டீ சொல்லுங்கப்பா!” என்று குரல் வந்தது. சந்தேகத்துக்கு இன்னும் ஒரு பதிவு பார்த்தாள். இடி, பதிவு, டீ. சந்தேகமே இல்லை.

அவள் கை நின்றுவிட்டது. பூட்டினால் மேஜை பொத்தானுக்குப் போகலாம். பூட்டாவிட்டால் மன்றம் சுத்தமாகவில்லை என்று அப்போதும் பொத்தானுக்குத்தான் போகும். இதற்கா இத்தனை படித்தோம், முதலாளியின் வாயைப் பூட்டவா விடவா என்று திகைத்து நிற்கவா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். அதற்குள் மூணுசொட்டு எழுதினார்: “எங்கள் சண்டையை எல்லாம் பூட்டிய பூட்டு அவர்களே, இதற்கு மட்டும் சாவி தொலைந்துவிட்டதா?”

அவளுக்குச் சுருக்கென்றது. ஒரு தட்டுத் தட்டினாள்.

கண்ணாடிக் கதவு படாரென்று திறந்தது. “யாரு பூட்டினது?”

“நான்தான் சார்.”

“பாதி எழுதிக்கிட்டு இருந்தேன்!” சொல்லிவிட்டு முதலாளி நாக்கைக் கடித்துக்கொண்டார். “அதாவது... எழுதுறதைப் படிச்சுக்கிட்டு இருந்தேன்.”

“நீங்க எழுதின சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சு சார்.”

மெக்கானிக் அண்ணன் அவசரமாகக் குனிந்து மெஷினுக்குள் எதையோ தேடினார். முதலாளி அவரைப் பிடித்துக்கொண்டார். “நீயே சொல்லுய்யா. ஒரு சொட்டா, மூணு சொட்டா?”

“உங்க கடையில ஒண்ணுதான் முதலாளி.”

“கேட்டுக்க! அந்த ஆளு என்னை எண்ணெய்க் கஞ்சன்னு எழுதியிருக்கான். அதுக்குப் பதில் சொல்லாம விடணுமா?”

“புதுத் திரி தொடங்குங்க சார்” என்றாள். எல்லாருக்கும் சொல்கிற அதே பதில்தான்.

முதலாளி உள்ளே போனார். பூட்டைத் திறக்கும் உரிமை மன்றத்தில் அவருக்கும் உண்டு. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரி திறந்துகொண்டது. போச்சு என்று நினைத்தாள். பையைக்கூட எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆனால் மூணுசொட்டு முந்திக்கொண்டார்: “பூட்டிய திரி தானாகத் திறக்குமா? ஒருசொட்டு நினைத்தால் திறக்கிறது என்றால், ஒருசொட்டு யார்?”

அடுத்த நொடி திரி மறுபடி பூட்டிக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இடியும் இல்லை, டீயும் இல்லை.

மெக்கானிக் அண்ணன் மெல்ல அவள் பக்கம் சாய்ந்தார். “நான் எப்பவும் ரெண்டு விடுவேன். ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிடாதே.”

சாயங்காலம் கடையைச் சாத்தும்போது முதலாளி வெளியே வந்தார். அவளைப் பார்க்காமல் இழுப்பறைகளைப் பார்த்துப் பேசினார். “திறக்கிற உரிமை எனக்கு வேண்டாம், எடுத்துடு. கையில இருந்தா அரிக்குது.” வாசல்வரை போய்த் திரும்பினார். “பொத்தான் பெட்டிக்கு வேற இடம் பார்க்கச் சொல்லிட்டேன்.”

அது நிரந்தரம் என்று அர்த்தமாக அவளுக்குப் பஸ்ஸில் பாதி வழி ஆனது.

வீட்டில் சொன்னதும் அம்மா அவள் கன்னத்தைத் தடவினாள். அப்பா, “எதுக்குன்னு இன்னும் புரியலை, ஆனா சந்தோஷம்” என்றார். சமையலறை நிலைப்படியில் சாய்ந்து நின்றிருந்த அத்தை தொண்டையைச் செருமினாள்.

“நல்லா இருக்கட்டும். இந்தப் பொண்ணைக் காலேஜுக்கு அனுப்ப வேண்டாம்னு ஒருத்தர் குதிச்சாங்க. யாருன்னு நான் சொல்லமாட்டேன். அதை நான் எப்பவோ மறந்துட்டேன்.”

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். “அக்கா, நான் அப்போ சொன்னது என்னன்னா...”

அம்மா அவளைப் பார்த்தாள். “ஏண்டி, ஊர் வாயையெல்லாம் பூட்டுறியே, இதைப் பூட்டேன்.”

‘அத்தை, இதை இத்தோட விட்டுடலாம்’ என்று சொல்ல வாயெடுத்தவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். சொல்லிவிட்டுப் பூட்டினால் என்ன ஆகும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? பேசாமல் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அத்தைக்குப் பின்னால் போட்டாள்.

அத்தை நாற்காலியைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள். பேச வந்ததை விழுங்கிவிட்டு மெல்ல உட்கார்ந்து, சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

“பரவாயில்லை” என்றாள் அத்தை. “கல்யாணத்துல போடாத நாற்காலியை, உங்களுக்குப் பொறந்தவளாவது இன்னைக்குப் போட்டாளே.”

“அக்கா!” என்றார் அப்பா. “அன்னைக்கு உனக்கு நாற்காலி போட்டிருந்தோம்! நீதான் உட்காரலை!”

அவள் தரையில் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துக்கொண்டு, நிம்மதியாகச் சாப்பிட ஆரம்பித்தாள். வேலை நேரம் முடிந்துவிட்டிருந்தது.