கூரைக்குக் கீழே பன்றி

மனைவியின் விசா மறுபடியும் மறுக்கப்பட்ட அன்றும் ஜெர்மனியின் டோர்ட்மண்டில் நான் வேலை செய்த சீன உணவகத்துக்குப் போய்ப் பன்றி இறைச்சி வெட்டினேன். ஊரில் அதைத் தொட்டதேயில்லை. சீனச் சமையல்காரர் மேசையில் சிந்திய மாவில் விரலால் ஓர் எழுத்தை எழுதினார். மேலே கூரை, கீழே பன்றி. முற்காலத்தில் வீட்டோடு பன்றி வளர்த்ததால் அந்த எழுத்துக்கு வீடு, குடும்பம் என்று பொருளாம்.

“மனிதர் இல்லையா?” என்று அரைகுறை ஜெர்மனில் கேட்டேன்.

“பன்றி போதும்.”

கோப்பை கழுவிய யாழ்ப்பாணத்து நண்பர் சிரித்தார். “பாத்தியளே அண்ணை, பண்டிக்கும் விசா குடுத்திட்டாங்கள். அக்காவுக்குத்தான் இல்லை.”

நானும் சிரித்தேன். இடைவேளையில் மனைவிக்குத் தொலைபேசி எடுத்து, “ஏலாதாம்” என்றேன்.

 “சாப்பிட்டியளோ?” என்றாள்.

“ஓம்” என்றேன். எனக்கு அழுகைகூட வரவில்லை. உள்ளே போய் மீதி இறைச்சியை வெட்டினேன்.